மங்கைக்கும் மடந்தைக்கும் நடுவே: தமிழ் நாவலில் பெண்ணின் பதின்பருவம்

பெண்ணின் வாழ்நாளை ஏழு பருவங்களாகப் பகுத்தவர்கள் நம் பாட்டியல் நூலார். நூலுக்கு நூல் ஆண்டுக் கணக்கில் சிறு வேறுபாடு உண்டெனினும், பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19 என்பது பெருவழக்கு. உலா இலக்கியத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கு என்னை உறுத்துவதுண்டு. மற்றைப் பருவங்களுக்கு மூன்று, நான்கு, ஆறு என ஆண்டுகளை வாரி வழங்கிய புலவர்கள் மங்கைக்கு மட்டும் இரண்டே ஆண்டுகளை அளந்து கொடுத்திருக்கிறார்கள். சிறுமியாக இருந்தவள் பெண்ணாக ஆவதற்கு அவர்கள் விட்ட அவகாசம் அவ்வளவுதான். அந்தப் பகுப்பும் அவளுக்காக வகுக்கப்பட்டதன்று. வீதியில் உலா வரும் தலைவனைக் கண்டு யார் எவ்வளவு உருகுகிறாள் என்று வரிசைப்படுத்துவதற்காக வகுக்கப்பட்டது.

பெண்பாற் பிள்ளைத்தமிழ் ஊசற் பருவத்தோடு நின்றுவிடுகிறது. உலா அவளை வீதியில் நிறுத்திப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு சிறுபெண்ணின் குரல் நம் பழைய இலக்கியத்தில் எங்கே என்று கேட்டால், இவ்வட்டத்தின் கவிஞர்கள் ஒரே குரலில் ஆண்டாள் என்பார்கள். ஒப்புகிறேன். மணல்வீடு கட்டி விளையாடும் பருவத்துக்கும் உடலின் வேட்கைக்கும் நடுவில் நின்றுகொண்டு தன் உடலைத் தன் வாயாலேயே பாடியவள் அவள். ஆயினும் அவளைத் தெய்வமாக்கிக் கோயிலில் அமர்த்திவிட்ட பிறகு, அவ்வழியில் இன்னொரு சிறுமி நடந்துவர நாம் இடம் விடவில்லை.

சொற்களை நோக்கினும் இதுவே புலப்படும். பூப்பெய்தினாள், சமைந்தாள், ஆளானாள், பெரியவளானாள், திரண்டாள், வயதுக்கு வந்தாள் என ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! அந்த நாளைத் தொடரும் ஆறேழு ஆண்டுகளுக்கு? ஆண்பிள்ளைக்கு விடலைப் பருவம் என்றொரு சொல் உண்டு. சங்க காலத்திலிருந்தே விடலை வீறுநடை போடுகிறான். பெண்ணுக்கு அதற்கு ஈடான சொல் வழக்கில் இல்லை. வளரிளம் பருவம், பதின்பருவம் என்பவை அண்மைக்காலத்துப் பாடநூலாரும் நலத்துறையினரும் ஆக்கிக்கொண்ட சொற்கள். வாழ்க்கையில் இல்லாத ஒன்றுக்கு மொழி எப்படிப் பெயரிடும்? சிலப்பதிகாரத்தில் மணம் நிகழ்ந்தபோது கோவலனுக்கு வயது 16, கண்ணகிக்கு 12 என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளலாம்.

ஒரு பெண்ணின் பதின்பருவத்தைச் சொல்லும் நாவல் தமிழில் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எழுத்தாளர்களின் திறக்குறைவோ துணிவின்மையோ முதற்காரணம் என்று நான் கருதவில்லை. அந்த ஆண்டுகள் முதலில் வாழ்க்கையில் கிடைத்தாக வேண்டியிருந்தது. சட்டமன்றத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ஓராண்டு ஈராண்டாகப் போராடிப் பெற்ற பிறகுதான் அவை நாவலுக்குள் வர முடிந்தது.

என் தாய்வழிப் பாட்டிக்கு 1930ஆம் ஆண்டு மாசி மாதத்தில் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. ஏன் அந்த மாசியில், ஏன் அத்தனை அவசரம் என்பது எனக்கு முனைவர் பட்ட ஆய்வின்போதுதான் விளங்கிற்று. பெண்ணின் மணவயது 14 என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று நாடெங்கும் பந்தல்கள் எழுந்தன. குழந்தை மனைவியரின் எண்ணிக்கை பெருகியிருந்ததை 1931ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கே காட்டிற்று. "பதிமூணு வயசுல என்ன பண்ணிட்டிருந்தீங்க பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "பதிமூணா? அப்போ எனக்குப் பெரிய உலைப்பானையைத் தனியா இறக்கத் தெரியும்" என்றார். அவருக்கு அந்த வயதைப் பற்றிய வேறு நினைவு எதுவும் இல்லை. ஒரு நாவலாசிரியர் வந்து கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இனி நாவலுக்கு வருவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) வரும் ஞானாம்பாள் அறிவில் சிறந்தவள். ஆண்வேடம் பூண்டு நாடாளவும் செய்கிறாள். ஆனால் அவள் வளர்வதை நாம் காண்பதில்லை, வளர்ந்தே வருகிறாள். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரத்தில் லட்சுமியும் ஸ்ரீநிவாசனும் மணமானவர்களாகவே வளர்கிறார்கள். அன்றைய குடும்பத்தின் உண்மை நிலை அதுதான். திருமணத்துக்குப் புறத்தே ஒரு சிறுமிக்கென்று தனியாக ஒரு கதை இருக்க வழியில்லை.

அந்தத் திருமணத்துக்கு உள்ளேயே நுழைந்து, சிறுமியின் வாயாலேயே கதையைச் சொல்லவைத்தவர் அ. மாதவையா. இதை நம் நாவல் வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. அவருடைய முத்துமீனாட்சி 1903இல் நூலாக வந்தது. அதன் வேர் இன்னும் முந்தியது. 1892இல் தொடங்கப்பெற்ற விவேக சிந்தாமணி இதழில் சாவித்திரி என்ற பெயரைத் தாங்கிய தொடராக அது வெளிவரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோயிற்று. அப்போது மாதவையாவுக்கு வயது இருபது. கல்லூரிப் பருவம் இன்னும் நீங்காத ஓர் இளைஞர், மணமாகி, மாமியார் வீட்டில் வதைபட்டு, கைம்பெண்ணாகிப்போகும் ஒரு பெண்ணாகத் தம்மைக் கருதிக்கொண்டு தன்மையில் எழுதுகிறார்.

அந்த ஆண்டை நோக்க வேண்டும். 1890இல் கல்கத்தாவில் ஃபுல்மணி என்ற சிறுமி, பத்து வயதைக் கடந்த சின்னஞ்சிறு மனைவி, கணவனின் வன்சேர்க்கையால் உயிரிழந்தாள். அதன் விளைவாக எழுந்த கொந்தளிப்பில், மனைவியாயினும் உடலுறவுக்கு இசையத்தக்க வயது 10 என்றிருந்ததை 12 ஆக உயர்த்திய சட்டம் 1891இல் வந்தது. இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளுக்காக நாடு இரண்டுபட்டது. சமயம் அழிந்தது என்று திலகரைப் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்து நின்றனர். அந்த ஓசை அடங்குமுன் சென்னையில் ஒரு தமிழ்த் தொடர்கதை, பெரியவர்கள் அனைவரும் யாருடைய உடலைப் பற்றி வழக்காடினார்களோ அவளையே பேசவைத்தது. தொடர் நின்றதில் வியப்பில்லை. பதினொரு ஆண்டுகளுக்குப் பின் நூலாக அதை மீண்டும் கொண்டுவந்த பிடிவாதமே வியப்புக்குரியது.

முத்துமீனாட்சிக்கு இறுதியில் மறுமணம் செய்துவைக்கிறார் மாதவையா. சீர்திருத்தக் கதைக்கு அதுவே இயல்பான முடிவு. ஆயினும் அதே சென்னையில் வாழ்க்கை வேறொரு முடிவை எழுதிக்கொண்டிருந்தது. பதினொரு வயதில் கைம்பெண்ணான சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தம்மைப் போன்ற இளங் கைம்பெண்களுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். நாவல் அவளுக்கு இரண்டாம் கணவனைக் கொடுத்தது. சகோதரி சுப்புலட்சுமி அவளுக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார். பின்வந்த நாவலின் வரலாற்றுக்கு இவ்விரண்டில் எது பெரிது என்றால், நான் பள்ளிக்கூடத்தையே சொல்வேன்.

வை. மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்லாமல் நகர முடியாது. 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் மணமானவர். கதைகளைத் தம் வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்துத் தொடங்கியவர், ஜகன்மோகினி இதழை நெடுங்காலம் நடத்தி, 115 நாவல்களை எழுதிக் குவித்தார். துப்பறிதலும் காதலும் தேசியமும் சீர்திருத்தமும் அவற்றில் உண்டு. நான் படித்த அளவில், பதின்மூன்று வயதின் உள்ளம் என்ற ஒன்று அவற்றில் தனியே இடம்பெறவில்லை. அது அவர் குறையன்று. அவருக்கே அப்படியொரு வயது கிடைத்ததில்லை.

விடுதலைக்குப் பின் மணவயது 1949இல் 15 ஆகவும் 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. சட்டப் புத்தகத்தில் மடந்தைப் பருவம் ஒருவாறு பெண்ணுக்கே உரியதாயிற்று. நாவலில்? இக்காலத்தில் ஆண்பிள்ளைகள் வளர்ந்த கதைகள் தமிழில் மிக அழகாக எழுதப்பட்டன. அவற்றுள் தலையாயது அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு (1977). செகந்தராபாத் வீதிகளில் மிதிவண்டியோட்டித் திரியும் சந்திரசேகரன், கிரிக்கெட்டும் கல்லூரியும் நிஜாம் ஆட்சியின் இறுதிக் கொந்தளிப்புமாக வளர்கிறான். அவனுக்கு ஒரு நகரமே கிடைக்கிறது. நாவலின் முடிவில், கலவரச் சூழலில் அவன் நுழைந்துவிடும் ஒரு வீட்டில், தன் குடும்பத்தைக் காப்பாற்றும்பொருட்டு ஒரு சிறுபெண் தன் ஆடையைக் களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் கூசி ஓடுகிறான். அந்தக் கணத்தில் அவன் வளர்ந்துவிடுகிறான். தமிழின் மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்று அது, ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என் மனம் அவனோடு வெளியே ஓடுவதில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவன் வளர்வதற்கு அவள் ஒரு வாசல். அவளுடைய நாவலை எழுதியவர் யார்?

ஜெயகாந்தன் எழுதவில்லையா என்று கேட்கக்கூடும். அக்கினிப் பிரவேசத்தின் (1966) கல்லூரிப் பெண்ணும், அதன் மறுபக்கமாக விரிந்த சில நேரங்களில் சில மனிதர்களின் (1970) கங்காவும் மறக்கத்தக்கவர்கள் அல்லர். எனினும் அங்கே பதினேழாம் வயது என்பது மழையில் நிகழ்ந்த ஒரு விபத்து. சிறுகதையில் தாய் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவுகிறாள். நாவலில் கழுவப்படாமல் போனதால் அது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வருகிறது. பெண்ணின் பருவத்தை அதற்கு நேர்ந்த ஒன்றன் வழியாகவே பார்ப்பது என்ற பழைய கண்ணோட்டம் இங்கும் முற்றாக மாறிவிடவில்லை.

மாற்றத்தைத் தொடங்கிவைத்தது ஒரு நாவலன்று. பத்துப் பக்கங்கள் கொண்ட சிறுகதை. அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' எழுபதுகளில் சிற்றிதழ் வட்டத்தை உலுக்கிற்று. தாய் ஊரில் இல்லாதபோது பூப்பெய்திவிடும் கறுப்பு நிறச் சிறுமி, தன்னைச் சுற்றி நடப்பது இன்னதென்று விளங்காமல், அம்மா வந்து ஒரு சொல் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். கறுப்பு என்பதால் உறவுப் பெண் ஒருத்தியின் வரன் தட்டிப்போன கசப்போடு வருகிறாள். மகளிடம் அவள் சொல்வது, உனக்கென்ன இதற்குள் அவசரம் என்கிற பொருள்பட. கொலை என்று தலைப்பிடத் துணிந்ததை அந்நாளில் பலர் மிகை என்றனர். இன்று என் மாணவியர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பூப்பு என்பது சடங்காகவும் மஞ்சளாகவும் சுற்றத்தாரின் வரிசையாகவும் மட்டுமே எழுதப்பட்டுவந்த மொழியில், அது ஒரு சிறுமியின் தனிமையாக முதன்முறை எழுதப்பட்டது.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, இந்தத் தனிமைக்கு வெளியே இன்னும் பெரியதோர் உலகம் இருப்பதைத் தலித் எழுத்தாளர்கள் காட்டினர். சிவகாமியின் பழையன கழிதலும் (1989) நாவலில் கௌரி என்ற மாணவி, ஊர்த்தலைமையும் ஆண் அதிகாரமும் கைகோத்து நிற்கும் தன் தந்தையையே உற்றுப் பார்த்து எடை போடுகிறாள். திருமணத்தை மறுத்துப் படிப்பைத் தேர்கிறாள். பாமாவின் கருக்கு (1992) தன்வரலாறு என்பதால் நாவல் வரிசையில் வைக்க நான் தயங்குவேன். ஆனால் அதில் வரும் பள்ளிக்கூடமும் விடுதியும் அதற்குமுன் தமிழில் எழுதப்படாதவை. இவ்விருவரிடமும் பெண்ணின் வளர்ச்சிக்குக் களம் அடுக்களையன்று, வகுப்பறை. பூப்புக்குப் பின்னும் பள்ளிக்குப் போன பெண்களின் தலைமுறை வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் சட்டம் கொடுத்த ஆண்டுகளை வீட்டு வாசற்படி பறித்துக்கொள்வது நின்றபாடில்லை. ஈண்டு இரண்டு பெண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன். 1886இல் பிறந்த முத்துலட்சுமி, பின்னாளில் மருத்துவராகவும் சென்னைச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினராகவும் விளங்கியவர், பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டிலிருந்தே படித்தார். 1968இல் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, ஒன்பதாம் வகுப்போடு வீட்டுக்குள் நிறுத்தப்பட்டார். இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், வெள்ளையர் போய்விட்டனர், சட்டம் நான்குமுறை மாறிவிட்டது. வாசற்படியின் உயரம் மாறவில்லை. முன்னவருக்கு வீட்டில் ஆசிரியராகத் தந்தை இருந்தார். பின்னவருக்கு இரவல் நூல்களும், மறைத்து எழுதிய தாள்களும், புனைபெயரும் இருந்தன.

சல்மாவைக் கவிஞராகவே நாம் முதலில் அறிந்தோம். அவருடைய இரண்டாம் ஜாமங்களின் கதை 2004இல் வந்தபோது, கவிதையின் இறுக்கத்தை எதிர்பார்த்த சிலர் அதன் விரிவைக் கண்டு குறைப்பட்டதை நானறிவேன். எனக்கோ அந்த விரிவே நாவலின் உயிர். ராபியா என்ற சிறுமி தோழியரோடு ஒளிந்து திரைப்படம் பார்க்கப் போய் அடிவாங்குகிறாள். அவ்வளவுதான் அவள் செய்யும் 'குற்றம்'. மற்ற நேரமெல்லாம் அவள் பார்க்கிறாள், கேட்கிறாள். ஆண்கள் வணிகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போய்விட்ட வீடுகளில், திண்ணைகளிலும் முற்றங்களிலும் பெண்கள் கூடிப் பேசும் பேச்சு, அதன் வெளிப்படைத்தன்மை, அதன் நகைச்சுவை. அந்தப் பேச்சுக்கு நடுவே வஹிதாவின் திருமணம் நடந்தேறுகிறது. பிர்தவ்ஸின் வாழ்வு நஞ்சில் முடிகிறது.

மேலைநாட்டார் இவ்வகை நாவலுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது கதேயின் வில்லெம் மைஸ்டரை (1795-96). அதன் நாயகன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான், உலகைச் சுற்றுகிறான், தன்னை அறிகிறான். அந்த அளவுகோலை வைத்து, ராபியா எங்கும் புறப்படவில்லையே, இது எப்படி வளர்ச்சியின் கதையாகும் என்று ஒரு கருத்தரங்கில் கேட்கப்பட்டது. கேட்டவர் வயதில் மூத்தவர், நிறையப் படித்தவர். அன்று எனக்கு உடனே விடை தோன்றவில்லை. இன்று சொல்வேன்: புறப்பட முடியாதவள், தனக்கு முன்னே நடந்துபோகும் பெண்களைப் பார்த்தே வளர்கிறாள். அக்காமார், சித்திமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் அவளுக்கு வரக்கூடிய ஓர் எதிர்காலம். ஒவ்வொரு கதவும் அவள் கண்முன் சாத்தப்படுகிறது. ஒற்றை நாயகி இல்லாமல் ஒரு தெருவே நாயகியாக அந்த நாவல் அமைந்ததற்குக் காரணம் இதுதான். அதை வடிவக் குறை என்பவர்கள் ஆண்பிள்ளையின் சட்டையைப் பெண்ணுக்கு அளவெடுக்கிறார்கள்.

தேவதாசி முறைக்கு எதிராகத் தாசிகள் மோசவலை (1936) என்ற நாவலை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் தமிழக அரசு 1989இல் ஒரு திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால்தான் உதவி என்ற விதியால், எத்தனையோ சிற்றூர்ப் பெண்கள் அந்த வகுப்புவரையேனும் பள்ளியில் இருந்தனர். 2022இல் அது கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றப்பட்டது. ஒரு நாவலாசிரியையின் பெயர் திருமணத்திலிருந்து கல்விக்கு நகர்ந்த இந்தச் செய்தியை இலக்கியக் கட்டுரையில் சேர்ப்பது பொருந்துமா என்று தயங்கினேன். என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுள் பலர் அத்தொகையைப் பெறுபவர்கள் என்பதால் சேர்த்துவிட்டேன்.

அவர்களுள் ஒருத்தி, சல்மாவின் நாவலை நடத்திய நாளில், "ராபியா அப்புறம் பத்தாவது எழுதியிருப்பாளா மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, நீ எழுதிப் பாரேன் என்று சொல்லி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நீளக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ராபியாவைப் பற்றியதன்று, அவளைப் பற்றியது. நாற்பது பக்கங்கள். பெரியவளான நாளுக்கு அதில் ஒரே வரி. மற்றதெல்லாம் காலை ஏழரை மணிப் பேருந்து, படிக்கட்டில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்த வேதியியல், தோழியோடு நேர்ந்த ஒரு சண்டை, அந்தச் சண்டை தீர்ந்த விதம். எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்காகச் சிவப்பு மையை எடுத்தவள், பிறகு மூடிவைத்துவிட்டேன். இன்னும் பன்னிரண்டு பக்கங்கள் படிக்க வேண்டியிருக்கிறது.